ராசியான சிஸ்டம்

எங்க கம்பெனியில ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறாம சந்தனம் குங்குமம் வெப்பாங்க. மத்த மெஷினுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்னிக்குத்தான். இது டிஸ்பாட்ச் ரூம்ல என் மேஜைக்கு எதிர்லயே இருந்துச்சு. பழுப்பேறின பொட்டி. பக்கத்துல எப்பவும் ஊதுபத்தி எரியும். அந்தச் சாம்பலைத் துடைச்சுத் துடைச்சே என் கை ஓஞ்சு போச்சு.

ஒரகடத்துல இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள்ள எங்களது சின்ன யூனிட்தான். கார் சீட்டைத் தரையோட சேத்துப் புடிச்சுக்கிற இரும்பு பிராக்கெட் செய்யறோம். தகட்டை வளைக்க பிரஸ், வெல்டிங் பண்ணிப் பத்த வைக்க ரோபோ, ரெண்டும் இருக்கற ஷெட்டைத்தான் ஷாப்புன்னுவோம். பெரிய கார் கம்பெனி ஒண்ணு எங்ககிட்ட வாங்குது. அது ஒண்ணுதான் எங்க கஸ்டமர், வேற யாரும் கிடையாது. நான் குன்றத்தூர்லருந்து கம்பெனி பஸ்ல வர்றவ. லோடு அனுப்பறதுதான் என் வேலை. கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஆள் வெக்கலைன்னதால அதையும் என் தலையில கட்டிட்டாங்க.

முதலாளிக்கு மண்ணூர். விவசாயக் குடும்பம். அந்தக் காலத்துலயே துணிஞ்சு ஷெட்டு போட்டவரு. நல்ல மனுஷன், ஆனா நாள் நட்சத்திரம் பாக்காம தும்மக்கூட மாட்டாரு. அந்தப் பழைய சிஸ்டத்தை வெச்ச அன்னிக்கே இந்த கஸ்டமரோட முதல் ஆர்டர் வந்துச்சாம். ஒருதரம் கரண்டு போய் அது அணைஞ்சு, திரும்ப எழுந்திருக்கவே ஒரு நாள் ஆயிடுச்சு. அதே நாள்ல ஒரு லோடு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்துடுச்சு. அவ்ளோதான், முடிவு கட்டிட்டாரு. அன்னிலேருந்து அதை அணைக்கவே கூடாது, அதுக்குத் தனி பேட்டரி. புது அயிட்டம் எது ஆரம்பிச்சாலும் முதல் லேபிள் அதுலதான் அடிக்கணும். அடிச்ச லேபிளைக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் ஒட்டுவாரு.

எனக்குப் பொறுமை கம்மி. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. "சார், இந்த சிஸ்டத்தைச் செஞ்சவங்களே இதைக் கைகழுவிப் பல வருஷம் ஆச்சு. எங்க ஓட்டை கண்டுபுடிச்சாலும் புது சிஸ்டத்துக்கெல்லாம் அடைப்பு அனுப்பறாங்க. இதுக்கு எதுவும் வராது. ஓட்டை ஓட்டையாவே கிடக்கும். அதை இன்டர்நெட்லயும் மாட்டி வெச்சிருக்கோம். இங்கேருந்து நம்ம சர்வருக்கும், ஷாப்ல இருக்கற அத்தனை கம்ப்யூட்டருக்கும் ஒயர் போவுது."

அவரு நிதானமாக் கேப்பாரு. கேட்டுட்டு, "நல்லாத்தானே ஓடிக்கினு கீது? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ உன் வேலையப் பாரும்மா" அப்படிம்பாரு.

லோடு கிளம்பினதும் கஸ்டமருக்குத் தகவல் அனுப்பற சாப்ட்வேர் அந்த சிஸ்டத்துல மட்டும்தான் ஓடும். அதை எழுதினவரு வெளிநாடு போயிட்டாரு. ஏதாவது கோளாறுன்னா அங்கேருந்தே சரி பண்ணிக் குடுக்கட்டும்னு ஒரு வழி திறந்து விட்டிருந்தாங்க. அப்புறம் அவரும் வரல, அந்த வழியையும் யாரும் சாத்தல. கஸ்டமரோட வெப்சைட்லயே இந்த வேலையைப் பண்ணலாம்னு சொன்னாலும் முதலாளி காதுல ஏறாது.

கூத்து எதுன்னா, கஸ்டமர் ஆளு ஆடிட்டுக்கு வர்ற அன்னிக்குத்தான். பழைய சிஸ்டம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு கஸ்டமர் கண்டிஷன். அதனால முதலாளி அதை மஞ்சத் துணியால போர்த்தி, முன்னாடி வல்லக்கோட்டை முருகன் படத்தை வெச்சு, ரெண்டு பூவும் போட்டுடுவாரு. உள்ள பொட்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். ஆடிட்டர் வருவாரு, ஷூவைக் கழட்டிட்டு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுவாரு. எனக்குச் சிரிப்பை அடக்கவும் முடியாது, கோவத்தை அடக்கவும் முடியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே நான் லீவு சர்க்குலர் அடிச்சு ஒட்டிட்டேன். பூஜை அன்னிக்கு ஷாப் முழுக்கக் கழுவி விட்டோம். பிரஸ்ஸுக்கு வாழைக்கன்னு கட்டினோம். ரோபோ ஒவ்வொண்ணுக்கும் மணிக்கட்டுல மாலை, நெத்தின்னு நாங்க நினைச்ச இடத்துல குங்குமம். பொரி சுண்டல் குடுத்ததும் முதலாளி மெயின் பேனல் ஹேண்டிலைக் கீழ இறக்கினாரு. ஷாப் மொத்தமும் அடங்கிப் போச்சு. எங்க வழக்கத்துல அதுக்கப்புறம் மறுநாள் விஜயதசமி காலைல, நல்ல நேரத்துல, அவரு கையாலதான் மெயினைத் திரும்பப் போடணும். அதுவரைக்கும் மெஷினை யாரும் தொடக்கூடாது, ஒரு சுவிட்சைக்கூட. ஆபீஸுக்குத் தனி லைன், அங்க சர்வர் மட்டும் ஓடும். கூடவே நம்ம ராசிக்காரரும் பேட்டரியில ஓடுவாரு.

விஜயதசமி அன்னிக்கு நான் முதல் பஸ்லயே வந்துட்டேன். மத்தியானம் கஸ்டமரோட கார் கட்டற லைன் ஆரம்பிக்கும், அதுக்குள்ள லோடு போகணும். கைல இருந்த ஸ்டாக் ஒரு வண்டிக்குத்தான் தேறும். அடுத்த வண்டிக்கு அன்னிக்கு அடிச்சாத்தான் உண்டு. கஸ்டமர் ஏற்கெனவே எழுத்து மூலமா சொல்லியிருந்தாங்க. உங்க சாமான் வராம எங்க லைன் நின்னா அந்த அயிட்டம் வேற ஆளுக்குப் போயிடும்னு. எங்களுக்கு அந்த ஒரு கஸ்டமர்தானே. அது போச்சுன்னா ஷெட்டைப் பூட்டிட்டு எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போக வேண்டியதுதான்.

டிஸ்பாட்ச் ரூமைத் திறந்தேன். மாலை போட்டபடி ராசிக்காரரு உக்காந்திருந்தாரு. மாலைக்குப் பின்னாடி ஸ்கிரீன் கறுப்பா இருந்துச்சு, அதுல இங்கிலீஷ்ல நாலஞ்சு வரி. உங்க ஃபைல் எல்லாத்தையும் பூட்டிட்டோம், சாவி வேணும்னா எங்களோட பேசுங்க. கீழ ஒரு முகவரி. பூஜைக்கு யாரோ படம் மாத்தி விளையாடியிருக்காங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். திட்டறதுக்கு ஆளைக்கூடத் தேடினேன். அப்புறம் சர்வர் ரூமுக்கு ஓடினேன். அங்கயும் அதே வரி. சர்வர்லயே மாட்டி வெச்சிருந்த பேக்கப் டிஸ்க்கைத் திறந்தா அதுலயும் அதே.

கோவம்கூட வரல. இந்த ரூம் பூட்டியிருந்துச்சு. வாட்ச்மேன் கேட்டுலயே இருந்தாரு. ஒரு ஜன்னல் உடையல, ஒரு தூசி கலையல. போட்ட மாலையில ஒரு பூகூட உதிரல. எங்கேருந்தோ ஒருத்தன் வந்து மொத்த ஆபீஸையும் பூட்டிட்டுப் போயிருக்கான். ஒரு நிமிஷம் அந்த ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு மலைச்சுப் போய் நின்னேன், பொய் சொல்லக் கூடாது.

எங்களுக்கு நெட்ஒர்க் போட்டுக் குடுத்த ஒரு மேடம் சென்னையில இருக்காங்க. இந்த மாதிரி கேஸ் பாக்கறதுதான் இப்போ அவங்க முழு நேர வேலை. அவங்களுக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க கேட்ட முதல் கேள்வி, "ஷாப்ல இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் ஆன்ல இருக்கா?"

"இல்ல மேடம். பூஜைக்காக நேத்தே மெயினை இறக்கிட்டோம்."

மேடம் படபடன்னு சொன்னாங்க. "அப்போ அதெல்லாம் தப்பிச்சிருக்கு. இனிமே எதையும் ஆன் பண்ணாதீங்க. நெட் ஒயர் ஒண்ணு விடாமப் புடுங்குங்க. ஒயரோட ஆன் ஆச்சுன்னா அதுவும் பூட்டிக்கும். சர்வரை இப்பவே அணைங்க. அந்தப் பழைய சிஸ்டத்தை மட்டும் ஒயரைப் புடுங்கிட்டு அப்படியே ஓட விடுங்க, நான் வந்து பாக்கணும்."

ரோபோ ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. எந்த இடத்துல பத்த வைக்கணும், எவ்ளோ சூடு, எவ்ளோ நேரம், எல்லாம் அதுலதான் இருக்கு. பல வருஷமா திருத்தித் திருத்திக் கொண்டு வந்த ப்ரோக்ராம். சர்வர்ல இருந்த காப்பி போச்சு, பேக்கப் போச்சு. இனி உலகத்துலயே அது இருக்கறது ஷாப்ல அணைஞ்சு கிடக்கற அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான். எனக்கு இது உறைச்சப்பவே ஷாப் பக்கத்துலருந்து பூஜை மணி கேட்டுது.

போனை மேஜையில போட்டுட்டு ஓடினேன். ஷாப்ல எல்லாரும் கூடி நிக்கறாங்க. பேக்கிங் பொண்ணுங்க பட்டுப்புடவையில, ஒடிசாவுலருந்து வந்த வெல்டர்ங்க நெத்தி நிறைய திருநீறோட. சூப்பர்வைசர் கற்பூரத் தட்டைப் புடிச்சிருக்காரு. முதலாளி பேனல் முன்னாடி கண்ணை மூடி, கையை ஹேண்டில் மேல வெச்சுட்டாரு.

"சார், போடாதீங்க" அப்படின்னு கத்தினேன். என் தொண்டையிலருந்து அவ்ளோ சத்தம் வரும்னு எனக்கே தெரியாது. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டுப் போய், அவரு கைக்குக் கீழ என் கையைக் குடுத்து ஹேண்டிலைப் புடிச்சுக்கிட்டேன்.

சூப்பர்வைசருக்கு முகம் சிவந்துடுச்சு. "நல்ல நாள் அதுவுமா இன்னாம்மா இது அபசகுனமா" அப்படின்னாரு. முதலாளி கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாரு. அவரு அப்படி என்னைப் பாத்ததே இல்ல.

"கையெடும்மா. நல்ல நேரம் முடியப் போவுது. அப்புறம் ராகு காலம்."

"முடியட்டும் சார். உங்க ராசி சிஸ்டம் வழியா எவனோ உள்ள வந்துட்டான். சர்வர் போச்சு, பேக்கப்பும் போச்சு. ப்ரோக்ராம் இனிமே இங்க மட்டும்தான் இருக்கு. இப்ப நீங்க மெயினைப் போட்டா அதுவும் போயிடும். அதுக்கப்புறம் கஸ்டமருக்கு நாம யாரோ. ஒயர் எல்லாத்தையும் புடுங்கற வரைக்கும் பொறுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

கற்பூரம் எரிஞ்சு அடங்குது. அவரு கண்ணு என் மேல இருந்து ரோபோ மேல போச்சு, அங்கேருந்து நின்னுக்கிட்டிருந்த ஜனங்க மேல போச்சு. மகளோட நிச்சயதார்த்தத்தையே நாள் சரியில்லன்னு தள்ளி வெச்ச மனுஷன் அவரு. அப்புறம் மெதுவா கையை எடுத்தாரு.

"எந்த ஒயரு, காட்டு" அப்படின்னாரு.

அதுக்கப்புறம் நடந்ததை நினைச்சா இன்னிக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்கல. என்ன ஏதுன்னு முழுசாப் புரிஞ்சவங்க அங்க ரெண்டு பேருகூட இல்ல. ஆனா ஒருத்தர்கூட கேள்வி கேக்கல. நீல ஒயர்னு சொன்னேன், அவ்ளோதான். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டுப் பொண்ணுங்க ரோபோ கூண்டுக்குள்ள இறங்கினாங்க. வெல்டர்ங்க ஏணி போட்டு மேல போற ஒயரை அவுத்தாங்க. பல ஒயரு மாலையோட சிக்கிக்கிட்டிருந்துச்சு. நாரைப் பல்லால கடிச்சுப் பிரிச்சாங்க. சூப்பர்வைசர் தட்டைக் கீழ வெச்சுட்டு பிரஸ்ஸுக்கு அடியில படுத்துத் தேடினாரு. நான் சர்வரை அணைச்சேன். ராசிக்காரரோட நெட் ஒயரையும் புடுங்கிட்டு வந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் நானே தடவிப் பாத்தேன். ஒயர் எங்கயும் மிச்சமில்ல.

முதலாளி ராகு காலத்துலதான் மெயினைப் போட்டாரு. போடறப்போ கண்ணை மூடிக்கிட்டாரு, கும்பிட்டாரான்னு தெரியல. முதல் ரோபோ பக்கத்துல நான் நின்னுக்கிட்டிருந்தேன். கம்ப்யூட்டர் மெதுவா எழுந்துச்சு. கறுப்பு ஸ்கிரீன் வந்தப்போ எல்லாம் போச்சுன்னே நினைச்சுட்டேன். அப்புறம் நீலம் வந்துச்சு, அதுக்கப்புறம் ஒவ்வொரு அயிட்டம் பேரா வரிசையா வந்து நின்னுது. எல்லாம் இருந்துச்சு. வெல்டர் பட்டனை அழுத்தினாரு. மணிக்கட்டுல மாலையோட அந்த ரோபோ தலையைத் தூக்கித் திரும்பி, தகட்டைத் தொட்டு முதல் பொறி விட்டுது. தினம் நாள் முழுக்கப் பாக்கற பொறிதான். அன்னிக்கு அதைப் பாத்து எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. யாரும் கை தட்டல. பக்கத்துல இருந்த பேக்கிங் பொண்ணு ஒண்ணு தாலியை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. மத்த கம்ப்யூட்டரும் ஒவ்வொண்ணா எழுந்துச்சு, ஒண்ணுலயும் குறையில்ல.

லேபிளைக் கையாலயே எழுதினோம். கஸ்டமரோட கேட்ல சாமான் வாங்கறவங்களுக்கு போன் பண்ணி விஷயத்தை மறைக்காம சொன்னேன். திட்டினாங்க, ஆனா கையால எழுதின லேபிளை வாங்கிக்கிட்டாங்க. முதல் வண்டி கிளம்புச்சு. ரெண்டாவது வண்டிக்கு ரோபோ அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவங்க லைன் நிக்கல.

சென்னை மேடம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாங்க. மாலையை ஒதுக்கிட்டு பழைய சிஸ்டம் முன்னாடி உக்காந்தாங்க. நானும் முதலாளியும் பின்னாடி நின்னோம். ஃபைல் பூட்டியிருந்தாலும் அவன் என்னென்ன தொட்டான்ங்கற தடம் உள்ள பதிஞ்சிருந்துச்சு, அதை அவங்க ஒவ்வொண்ணாத் திறந்து காட்டினாங்க.

அவன் நேத்து வந்தவன் இல்ல. மாசக்கணக்கா இதுக்குள்ளயே இருந்திருக்கான். சாத்தாம விட்ட அந்த வழியாத்தான் வந்திருக்கான். அடைபடாத ஓட்டை ஒண்ணைப் புடிச்சு இந்தப் பொட்டிக்கே முதலாளி ஆயிருக்கான். அதுக்கப்புறம் அவசரமே படல. தினம் வந்திருக்கான், எனக்கு முன்னாடி வந்து எனக்கு அப்புறம் போயிருக்கான். ஷிப்டு சார்ட்டைப் பாத்திருக்கான். பஸ் டைமைப் பாத்திருக்கான். என் லீவு லெட்டரைக்கூடத் திறந்து பாத்திருக்கான். எந்த நாட்டுல உக்காந்திருக்கான், தனி ஆளா கூட்டமா, எதுவும் தெரியாது. ஒரகடம் எந்தத் திசையில இருக்குன்னு அவனுக்குத் தெரியுமோ என்னவோ. ஆனா குன்றத்தூர் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னு அவனுக்குத் தெரியும். என் எதிர்லயே உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்திருக்கான். நான் சாம்பல் துடைச்சுக்கிட்டிருந்தேன். பயமா இருந்துச்சு. அதைவிட, இப்படியும் ஒரு பொறுமை உண்டான்னு பிரமிப்பா இருந்துச்சு. வூட்டுல என் புருஷனுக்குக்கூட என் மேல இவ்ளோ கவனம் கிடையாது.

கடைசியா அவன் திறந்து பாத்தது நான் அடிச்ச ஆயுத பூஜை சர்க்குலர். திரும்பத் திரும்பத் திறந்திருக்கான். தமிழ்ல இருந்ததை இங்கிலீஷுக்கு மாத்திப் படிச்சிருக்கான். அதுக்கப்புறம்தான் நாள் குறிச்சிருக்கான்.

மேடம் நாற்காலியைத் திருப்பிக்கிட்டாங்க. "இவங்க எப்பவும் லீவு நாள்லதான் கை வைப்பாங்க. ஆள் இருக்க மாட்டாங்க, மெஷினெல்லாம் சும்மா ஓடிக்கிட்டிருக்கும், ஒரேயடியா பூட்டிடலாம்னு கணக்கு. மனுஷனுக்கு லீவுன்னு சர்க்குலர்ல படிச்சிட்டான். மெஷினுக்கும் லீவு விடற ஊர் இருக்கும்னு அவன் நினைச்சே பாத்திருக்க மாட்டான்."

முதலாளி முகத்துல அப்போதான் களை வந்துச்சு. சிரிச்சுட்டாரு. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. பாத்தியாம்மா, சாமி காப்பாத்திக் குடுத்துடுச்சு. இதான் ராசின்றது" அப்படின்னு சொல்லிக்கிட்டே அந்தப் பொட்டி மேல கையை வெச்சாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. திருடனுக்குத் திண்டு போட்டு உக்கார வெச்சது இதே பொட்டிதான், அதுக்கு ராசியான்னு கேக்க வாயைத் திறந்தேன். மேடம் முந்திக்கிட்டாங்க. குரலை உசத்தவே இல்ல.

"சார், பூட்டினது இவ்ளோதான், மிச்சமெல்லாம் தப்பிச்சிடுச்சுன்னு இந்நேரம் அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். ஏன்னு தேடிப் படிப்பான். படிக்கிறதுதானே அவன் வேலை. அடுத்த தடவை ஆயுத பூஜைக்கு வர மாட்டான். எல்லா மெஷினும் ஓடற நாளாப் பாத்து வருவான்."

முதலாளி கை பொட்டி மேலயே இருந்துச்சு, சிரிப்புதான் போயிடுச்சு. கண்ணாடி வழியா ஷாப்பைப் பாத்தாரு. ரோபோங்க ஓடிக்கிட்டிருந்துச்சு. ரெண்டாவது வண்டிக்குப் பொண்ணுங்க பெட்டி அடுக்கிக்கிட்டிருந்தாங்க.

"அவன் இப்போ உள்ள கீறானா?"

"இப்போ இல்ல சார், ஒயரைப் புடுங்கிட்டாங்க. திரும்ப மாட்டினா வந்துடுவான். வழி தெரிஞ்சவன்."

"உனக்கு வேண்டியதெல்லாம் இதுலருந்து எடுத்துக்கினியாம்மா?"

"எடுத்துட்டேன் சார்."

தோள்ல கிடந்த துண்டை எடுத்து, பொட்டியில காஞ்சு கிடந்த சந்தனத்தை அழுத்தித் துடைச்சாரு. வந்துச்சு கொஞ்சம், வராதது கொஞ்சம். அப்புறம் குனிஞ்சு பேட்டரி ஒயரை அவரே புடுங்கினாரு. அதோட ஃபேன் சத்தம் இழுத்து இழுத்து நின்னுது. அவ்ளோ நாளா அந்த ரூம்ல ஒரு சத்தம் இருந்துச்சுன்னே எனக்கு அப்போதான் தெரியும். அவரு எழுந்திருக்காம அங்கயே குத்துக்கால் போட்டு உக்காந்து, "அவனுக்கும் சேத்துத்தானே இத்தினி மாசம் சூடம் காட்டிக்கினு இருந்தேன்" அப்படின்னாரு. எனக்கு அவரைத் திட்ட வாய் வரல.